நடுவில் நிற்கும் முள்

கோம்பாக் டோலைக் கடந்து
காராக் நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கியதும்
பானெட்டுக்கு அடியிலிருந்து
கொஞ்சம் இனிப்பாக, வேண்டாத ஒரு வாசனை.
முள் மட்டும் நடுவில்.

"முள்ள நம்பாதீங்க," என்றாள் புஷ்பலீலா,
செந்தூல் ஒர்க்‌ஷாப்பில்,
கையில் பாதி தின்ற கறிபாப்.
"எண்பதுலேருந்து நூத்தஞ்சு வரைக்கும்
அசையக் கூடாதுன்னு சொல்லித்தான்
ஃபேக்டரிலேயே அனுப்புறான்.
ஓட்டுறவங்க பயப்படக் கூடாதாம்."

ஸ்டியரிங்குக்குக் கீழே
விரலளவு சாதனம் ஒன்றைச் செருகினாள்.
என் கைப்பேசியில் எண்கள் எழுந்தன.
ஐந்து வருடத்தில் முதன்முறையாக
என் காடி என்னிடம் உண்மை பேசியது:
தொண்ணூற்று மூன்று.

இதற்குமுன்
செகாம்புட்டில் ஆ லோய் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்,
நூற்று எண்பது வெள்ளி.
வாங்சா மாஜுவில் அஸ்ஹார் வாட்டர் பம்ப்பை மாற்றினார்,
அறுநூற்று ஐம்பது.
பழையதைப் பையில் போட்டுக் கொடுத்தபோது
அதன் இறக்கை ஒன்றுகூட உடையவில்லை என்று
அவரே வருத்தத்தோடு காட்டினார்.
மூன்றாவது ஆள்
ஹெட் கேஸ்கெட் என்ற சொல்லை மட்டும்
மேசைமேல் வைத்துவிட்டு
விலை சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

புஷ்பலீலா எதையும் கழற்றவில்லை. கேட்டாள்.
ஜாலான் ஈப்போ ஜாமில் சூடேறுதா?
இல்லை.
ஏசி போட்டு நின்னா?
இல்லை.
அப்ப ஃபேன் நல்லாருக்கு.
இரவு காடியை அவளிடம் விட்டுப் போனேன்.
காலையில், ஆறிய எஞ்சினின் மேல் குழாயை
என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.
தொளதொளவென்றிருந்தது.
ஆறியும் விறைத்திருந்தால்தான் கேஸ்கெட் பயமாம்.
எண்ணெய் மூடியில் பால்நிறம் இல்லை.
பெரிய செலவொன்று விலகிப் போகும்போது
இவ்வளவு சின்ன ஓசைதான் கேட்கிறது,
மூடி திரும்பி இறுகும் ஓசை.

மறுபடி மலை.
பக்கத்து இருக்கையில் அவள், எண்களை வாசித்தபடி.
எழுபதில் போகையில் தொண்ணூற்றாறு.
"கியர் இறக்கி மிதிங்க."
டர்போ சீழ்க்கையடித்தது.
ஒரு பாக்சைட் லோரி பின்னால் போனது.
நூற்றொன்று. நூற்றேழு.
வேகம் கூடினால் காற்று கூட வேண்டும்,
காற்று கூடினால் சூடு இறங்க வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு.
"காத்து வருது," என்றாள்,
"போறதுக்குத்தான் வழியில்ல."

கெந்திங் செம்பாவில் ஒதுக்கினேன்.
சாவியைத் தொட்ட கையைத் தட்டிவிட்டாள்:
"ரெண்டு நிமிஷம். டர்போ மூச்சு வாங்கட்டும்."
பிறகு பழைய அட்டைப்பெட்டியை விரித்து
மல்லாந்து அடியில் நுழைந்தாள்.
டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்து நின்றது.
"கீழ்த்தட்டு எங்க?"
எந்தத் தட்டு?
"பம்பரோட சேர்ந்து அடியில வருமே, கறுப்பு பிளாஸ்டிக்.
அது இல்லன்னா காத்து கீழேருந்து பூந்து
உள்ள நெரம்பி உக்காந்துக்கும்.
முன்னால வர்றது ரேடியேட்டரைத் தாண்டி எப்படிப் போகும்?"

டிசம்பர். செத்தாபாக்கில் திடீர் வெள்ளம்.
மறுநாளெல்லாம் ஏதோ தரையில் உரசிக் கரகரத்தது.
கார் பார்க்கில் குப்புறப் படுத்து
தொங்கியதைப் பிய்த்தெடுத்தவன் நானே.
ஓசை நின்றது.
பழுதுபார்த்துவிட்டதாக நினைத்தேன்.
அன்றிரவு மகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும்
இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போய்த் தேடினேன்.
தட்டு இருந்தது.
அதன்மேல் கக் ரொஹாயாவின் ஆறு செராய்த் தொட்டிகள்.
கொக்கி ஓட்டைகளின் வழியே
வேர் இறங்கியிருந்தது.
கேட்க வாய் வரவில்லை.

பழைய சாமான் கடைத் தட்டு, பத்துக் கொக்கி:
எண்பத்தைந்து வெள்ளி.
கூலியாக எட்டுக் கறிபாப் கேட்டாள்.

திங்கட்கிழமை அதே மலையில்
தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை.
வீடு திரும்பி
அணைக்கப் போன கையை நிறுத்தி
இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
மேல்மாடியில் யாரோ துணி உலர்த்த,
பானெட்டில் இரண்டு துளி விழுந்து
சீறாமல் உருண்டன.